தோளைப் பார்

வடபழனி
12-6-1988

அக்கா நாகவல்லிக்கு,

உன் தம்பி முனியன் சாகவில்லை. கை, கால் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கடவாய்ப் பல் ஒன்று மட்டும் போய்விட்டது. அது போன கதையைப் பிறகு சொல்கிறேன்.

உன் பெயருக்குப் போட்டால் மாமா கிழித்து அடுப்பில் வைப்பார் என்றுதான் பக்கத்து வீட்டு ஜரினா அக்கா பெயருக்கு அனுப்புகிறேன். பாடியில் தான் வேலை பார்க்கிற கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி அவர் வாங்கித் தந்த வேலையை உதறிவிட்டு, சினிமாவில் ஃபைட்டராகப் போகிறேன் என்றால் யாருக்குத்தான் எரியாது? அதற்காகப் பட்டாபிராம் பிளாட்பாரத்தில், அத்தனை பேர் பார்க்க, டிபன் கேரியராலேயே மண்டையில் போட வேண்டுமா? "இனிமே என் ஊட்டு வாசப்படிய மிதிச்சே, கால வெட்டி தண்டவாளத்துல போட்ருவேன்" என்றார். ரத்தம் காதோரமாக வழிந்து சட்டைக்குள் இறங்கியது. ஆனாலும் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை அக்கா. அப்பா குடித்துவிட்டு அம்மாவை மிதித்த வீட்டிலிருந்து உன்னைக் கட்டிக்கொண்டு போனதோடு, என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனவர் அவர்தானே. ஒரு சொட்டு குடிக்காத மனுஷன். அவர் கையால் வாங்கியதை ஆசீர்வாதமாக வைத்துக்கொள்கிறேன்.

இங்கே எங்கள் ஸ்டண்ட் மாஸ்டர் பெயர் ஷேக் தாவூத். முதல் நாளே என்னைக் காய்கறிக் கடை மேல் தூக்கி எறியச் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு விழுந்தேன். ஓடிவந்து திட்டினார் பார்: "இன்னாடா, வாயில கொழுக்கட்டையா வெச்சுகினு கீறே? அடிக்கிறவன் கையி காத்துலதான்டா போவுது. அடி வாங்கறவன் கத்தினாத்தான் அது அடி!" அடுத்த முறை வாயைப் பிளந்து கத்தினேன். திறந்த வாயில் தக்காளிக் கூடையின் விளிம்பு இடித்தது. பல் போனது அப்படித்தான்.

பதில் போடு. திட்டியாவது போடு.

முனியன்


பட்டாபிராம்
30-6-1988

முனியா,

உன் பல்லுக்காக நான் உட்கார்ந்து அழுவேன் என்று நினைத்தாயா? போகட்டும். அடி வாங்கச் சம்பளம் தருகிறார்களாமே! நம் அம்மா காலமெல்லாம் சும்மா வாங்கினாள்.

கத்தினால்தான் அடி என்று உன் மாஸ்டர் சொன்னதைப் படித்துவிட்டு ஜரினாவும் நானும் சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொள்ளுமே, ஞாபகம் இருக்கிறதா? "அக்கம்பக்கம் கேட்டா மானம் பூடும்" என்று நம் இரண்டு பேரையும் வாயைப் பொத்திக்கொள்ளச் சொல்லும். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை சட்டென்று எப்படிக் கத்துவான்? அதை உன் மாஸ்டருக்குச் சொல்.

மாமாவுக்கு மனசு சரியில்லை. "இன்னா தங்கவேலு, உம் மச்சான் எப்ப ஈரோ ஆவப் போறான்?" என்று கம்பெனியில் தினமும் கேலி செய்கிறார்களாம். அங்கே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டு ரயிலேறி வீட்டுக்கு வருகிறார். இங்கே நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். அவ்வளவு வேகமாகத் தள்ளுகிறார்களே, தலை தரையில் மோதாமல் எப்படி விழுகிறாய்? சும்மா, தெரிந்துகொள்ளத்தான்.

நாகவல்லி


வடபழனி
17-7-1988

அக்கா,

ஃபைட்டர் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்ட முதல் ஆள் நீதான்! அறையில் உள்ள பசங்களிடம் உன் கடிதத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

விழுவது பெரிய வித்தை. முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்போது பின்மண்டை தரையைத் தொடாது. கையை ஊன்றக் கூடாது, ஊன்றினால் மணிக்கட்டு முறியும். உள்ளங்கையை விரித்துத் தரையில் பட்டென்று அறைந்தபடி விழ வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் விலா எலும்பு போகும். விட்டுக்கொண்டே விழ வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. நாங்கள் யாரும் அடிக்கிறவன் கையைப் பார்க்கமாட்டோம். "தோளப் பாருடா. கையி வர்றதுக்கு முன்னாடி தோளு எறங்கும். அது பொய் சொல்லாது" என்பார் மாஸ்டர். தோள் இறங்கும்போதே திரும்பிவிட்டால் எப்பேர்ப்பட்ட குத்தும் பாதியாகிவிடும். மாமாவுக்கு ஆத்திரம் ஆறியதும் நானே வந்து உன் முன்னால் விழுந்து காட்டுகிறேன்.

முனியன்


பட்டாபிராம்
20-8-1988

முனியா,

நீ சொன்னதை எல்லாம் செய்து பார்த்தேன். முகவாய் விஷயம் சரிதான், மண்டை தப்புகிறது. தோள் விஷயமும் சரி. சில நேரம் இடது தோள் இறங்குகிறது, அதுதான் பழக வேண்டும்.

ஆனால் உங்களுக்கு அங்கே பரந்த இடம் இருக்கிறது, மெத்தை போடுகிறார்கள். லைன் வீட்டில் நீட்டிப் படுக்கவே இடம் கிடையாது. பின்னால் சுவர் இருந்தால் என்ன செய்வது? தலைமுடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டால் எந்தப் பக்கம் திரும்புவது? வயிற்றில் படாமல் விழ வழி இருக்கிறதா? அதை மட்டும் நன்றாக விளக்கி எழுது.

இங்கே மழை இல்லை. ஜரினா புதுத் தையல் மெஷின் வாங்கியிருக்கிறாள்.

நாகவல்லி


வடபழனி
9-9-1988

அக்கா,

பெரிய சேதி! எனக்கு வேஷம் கிடைத்திருக்கிறது. கும்பலில் ஒருவனாக அல்ல, வசனம் பேசுகிற வேஷம். பெண்டாட்டியை முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்துவருகிற ஒரு முரடன். ஹீரோ வந்து என்னைப் புரட்டி எடுப்பார். முனியன் என்ற பெயர் சினிமாவுக்கு ஆகாதாம், மனோஜ் என்று மாற்றிவிட்டார்கள். இன்னும் ஒரு மாசத்தில் ஷூட்டிங்.

உன் கேள்விக்கு வருகிறேன். சுவர் இருந்தால் முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் சாய்ந்து தோளைக் கொடு. முடியைப் பிடித்தால் எதிர்த்து இழுக்காதே. எங்கள் வேலையில், பிடிக்கிறவன் சும்மா முடிமேல் கையை வைத்திருப்பான். பிடிபட்டவள் இரண்டு கையாலும் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு அவளே நடந்துவருவாள். பார்க்கிறவனுக்கு இழுப்பது போல இருக்கும். வயிற்றில் படாமல் இருக்க, முழங்காலை மடக்கிக்கொண்டு

அக்கா, இந்த இடத்தில் நிறுத்திவிட்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் எப்பேர்ப்பட்ட மடையன்.

போன கார்த்திகையில் குழாயடியில் வழுக்கி விழுந்துதான் குழந்தை கலைந்தது என்றாயே. அம்மா மேல் சத்தியமாகச் சொல். உன் முடியைப் பிடிப்பது யார்?

முனியன்


பட்டாபிராம்
25-9-1988

முனியா,

வேறு யார் இருக்கிறார்கள், மாமாதான்.

கல்யாணமான மறு வருஷமே தொடங்கியது. நீ வீட்டில் இருந்தவரை முகத்தில் கை வைக்கமாட்டார், உனக்குத் தெரியக் கூடாது என்று. நீ போன பிறகு அந்த வெட்கமும் போய்விட்டது. அப்பாவுக்காவது போதை தெளிந்தால் அழுகை வரும். இவர் தெளிவாகவே அடிக்கிறார். வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி, கசங்காமல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் என் பக்கம் திரும்புவார். ஆணியில் சட்டை ஏறினால் நான் அடுப்பை அணைத்துவிடுவேன். ஒரு முறை கொதிக்கிற குழம்போடு விழுந்த அனுபவம் உண்டு. போன கார்த்திகையில் குழாயடியும் இல்லை, வழுக்கலும் இல்லை. சாதம் குழைந்துவிட்டது என்று வயிற்றில் உதைத்தார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். குழந்தை சத்தமில்லாமல் போனது.

இப்போது மறுபடியும் மூன்றாம் மாதம். எனக்கு வேண்டியது இது ஒன்றுதான்டா. முதுகு, கை, முகம் எல்லாம் ஆறிவிடும். இந்த வயிற்றில் இருப்பது உயிரோடு வெளியே வர வேண்டும்.

எங்கே போவேன் என்று கேட்பாய். அப்பன் வீட்டுக்கா, பத்து ஃபைட்டர்கள் படுக்கிற உன் அறைக்கா? நீ இங்கே வராதே. வந்தால் உங்களில் ஒருவர் பிணமாவார், மற்றவர் ஜெயிலுக்குப் போவார். முழங்காலை மடக்கிக்கொண்டு என்ன செய்ய வேண்டும்? அதை முடித்து எழுது.

நாகவல்லி


வடபழனி
14-10-1988

அக்கா,

முழங்காலை மார்புவரை மடக்கி, சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டுகொள். முழங்கைகளால் வயிற்றை மூடு. முதுகைக் கொடு. ஐயோ, என் கையாலேயே இதை எழுத வேண்டியிருக்கிறதே.

உன் கடிதம் வந்த அன்றே ரயிலேறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஷாட்டுக்கு ஆள் இல்லை என்றால் வேஷம் வேறொருவனுக்குப் போய்விடும். முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்துவிட்டேன். நேற்று முடிந்தது.

என் பெண்டாட்டியாக நடித்தது பஞ்சவர்ணம் என்ற துணை நடிகை. "பொண்டாட்டிய அடிக்கிறவன எங்கனா பாத்துகீறியா?" என்று டைரக்டர் கேட்டார். தலையாட்டினேன். கேமரா ஓடியதும் சட்டையைக் கழற்றி, கசங்காமல் கயிற்றில் மாட்டிவிட்டுத் திரும்பினேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நீ எழுதியதுதான். அவள் முடியைக் கையில் சுற்றினேன். அவள் மணிக்கட்டைப் பிடிப்பதற்குள் இழுத்துவிட்டேன். அவள் கத்திய கத்தல் நடிப்பில்லை. என் கைக்கு அது தெரிந்தது, ஆனாலும் விடவில்லை. அந்தக் கை மாமா கையா, அப்பா கையா என்று எனக்கே தெரியவில்லை. கட் சொன்னதும் எல்லோரும் கைதட்டினார்கள். என் விரலிடுக்கில் ஒரு கொத்து முடி இருந்தது. மாஸ்டர் வந்து செவிட்டில் ஓர் அறை விட்டார். "நடிக்க வந்தியா, அடிக்க வந்தியாடா பேமானி?"

நாளை பாடி கம்பெனி வாசலுக்குப் போகிறேன். தடுக்காதே.

முனியன்


பட்டாபிராம்
31-10-1988

முனியா,

போனாய். நாலு பேர் பார்க்க அவர் உதட்டைக் கிழித்தாய். வீரன்தான். கிழிந்த உதட்டை அவர் என்ன சட்டைப் பையில் போட்டு வைத்துக்கொள்வார் என்று நினைத்தாயா? ரயிலேறி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்றைக்குச் சட்டையைக்கூட மாட்டவில்லை. "உன் தம்பி குடுத்தத நீ வாங்கிக்கோ" என்று சொல்லிச் சொல்லி அடித்தார். இரும்பு வாளியால் அடித்தார். சுருண்டுகொண்டேன், முதுகைக் கொடுத்தேன். விலாவில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, மூச்சு விட்டால் குத்துகிறது. குழந்தை தப்பியது. நீ அங்கே இரண்டு குத்து விட்டு ஆத்திரத்தைத் தீர்த்துக்கொண்டாய். அதை வட்டியோடு வாங்கியவள் நான்.

அதைக்கூட மன்னிப்பேன். ஆனால் ஆணியில் சட்டை மாட்டுவதை இந்த உலகத்தில் உன் ஒருவனிடம்தானே சொன்னேன்? அதைப் போய் கேமராவுக்கு முன்னால் செய்து காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாய். ஒரு ஏழைப் பெண்ணின் முடியைப் பிடுங்கியிருக்கிறாய். அவள் வீட்டுக்குப் போய்த் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது யாரை நினைத்துச் சபித்திருப்பாள்? நம் அப்பனும் போதாது, புருஷனும் போதாது என்று தம்பியும் அந்த வரிசையில் போய் நின்றுவிட்டான்.

இனி எழுதாதே.

நாகவல்லி


வடபழனி
12-1-1989

அக்கா,

பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். நீ எழுதாதே என்ற பிறகு எழுதிய கடிதங்களை நானே கிழித்துவிட்டேன். ஜரினா அக்கா மாமாவின் கண்ணில் படாமல் ஒரு கார்டு போட்டு, நீ உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

பொங்கலுக்குப் படம் வருகிறது. ஆவடியில் போடுகிறார்கள். தயவுசெய்து பார்க்காதே.

முனியன்


பூந்தமல்லி
8-2-1989

முனியா,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துத் திடுக்கிடாதே. பூந்தமல்லியில் ஜரினாவின் அம்மா வீட்டில் இருக்கிறேன். குழந்தை உள்ளே உதைக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன், நீ வாயைத் திறக்காமல் படி.

நீ ஹீரோவிடம் உதை வாங்குகிறாய் என்று கம்பெனியில் யாரோ சொல்ல, மாமாவுக்குக் குஷி தாங்கவில்லை. என்னையும் அழைத்துக்கொண்டு ஆவடிக்குப் போனார். எங்கள் லைன் வீட்டுப் பெண்களும் அதே ஆட்டத்துக்கு வந்திருந்தார்கள். நீ சட்டையைக் கழற்றி மாட்டினாய். நீ அந்தப் பெண்ணின் முடியைச் சுற்றினாய், அவள் கத்தினாள். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை முனியா. தியேட்டரே எழுந்து நின்றது. எங்களை ஒட்டிய கடைசி வீட்டுப் பொன்னியம்மா செருப்பைக் கழற்றித் திரையில் வீசினாள். யார் எல்லோரையும் விட அதிகமாகக் கூவியது தெரியுமா? மாமாதான். "டேய் கஸ்மாலம், பொம்பள மேலயா கைய வெக்கிறே!" என்றார். மனசாரச் சொன்னார். சட்டையை மாட்டிய இடத்தில்கூட அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "உன் தம்பி ஒத வாங்கறப்போ நீ ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சுகினே?" என்று ஆரம்பித்தார். சட்டை ஆணிக்குப் போனது. நான் சுவர்ப் பக்கம் போகவில்லை. வாசலை ஒட்டி நின்றேன். முந்தானையைக் கை தேடியது, விட்டுவிட்டேன். தோளைப் பார்த்தேன். வலது தோள் இறங்கியது. கை என்னைத் தொடவே இல்லை முனியா. அதற்கு முன்பே கத்தினேன். அந்தப் பெண் கத்தினாளே, அதே மாதிரி. கத்திக்கொண்டே திரும்பிவிட்டேன். குத்து கதவு நிலையில் போய் விழுந்தது. அவர் கையில் எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது.

லைன் வீடு முழுக்க ஓடிவந்தது. அப்போதுதான் சினிமா பார்த்துவிட்டு வந்த சூடு. பொன்னியம்மா துடைப்பத்தால் அவர் முகத்திலேயே போட்டாள். பெண்கள் அவரைச் சட்டையில்லாத உடம்போடு தெருவில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். அவர் உடைந்த கையைப் பிடித்துக்கொண்டு அலறினார்: "நடிக்கிறாம்மா! நான் கையே வெக்கல! தம்பி கத்துக் குடுத்து நடிக்கிறா!" அன்றைக்கு மட்டும் அவர் சொன்னது உண்மை. யாரும் நம்பவில்லை. நான் என் முதுகைத் திறந்து காட்டினேன்.

பொன்னியம்மா அழுதுகொண்டே, "நீ ஒரு வாட்டிகூடக் கத்தலியேம்மா, நாங்க இன்னான்னு வர்றது?" என்றாள். பாதிச் சுவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, வாளி அடித்தது கேட்கவில்லையா என்று கேட்க நினைத்தேன். ஜரினா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

உன் மேல் இருக்கிற கோபம் இன்னும் போகவில்லை. அது வேறு.

நாகவல்லி


வடபழனி
2-3-1989

அக்கா,

உன் கடிதத்தை மாஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். கல்லு மனுஷன், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பஞ்சவர்ணம் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிற்க வைத்தாள். "கால்ல கீல உழுந்து சீன் போடாத. அடுத்த வாட்டி உன் மணிக்கட்டு என் கையில இருக்கணும், அவ்ளோதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

இங்கே டீக்கடையில் எனக்கு டீ தரமாட்டேன் என்கிறார் கடைக்காரம்மா. பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். அதற்கு நேர்மாறாக, கம்பெனிகள் என்னைத் தேடி வருகின்றன. எல்லாம் ஒரே மாதிரி வேஷம்: பெண்டாட்டியை அடிக்கிறவன், தங்கையை அடிக்கிறவன். வேண்டாம் என்றால் திரும்பவும் கும்பலில் விழுகிற வேலைதான். ஒப்புக்கொண்டால் என் கையை நினைத்து எனக்கே பயமாக இருக்கிறது. நீ சொல்கிறபடி செய்கிறேன். விட்டுவிடு என்றால் நாளையே பெட்டியைக் கட்டுகிறேன்.

குழந்தையைப் பார்க்க வரலாமா?

முனியன்


பூந்தமல்லி
16-4-1989

முனியா,

பெண் பிறந்திருக்கிறாள். உயிரோடு, முழுசாக. உன் மாதிரி காது. அந்தக் காது மட்டும்தான் உன்னுடையது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்.

மாமா வேப்பம்பட்டில் அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறார். போன வாரம் கையில் கட்டோடு இங்கே வந்து தெருவில் நின்றார். "ஊட்டுக்கு வா" என்றார். நான் அவர் தோளைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தேன். கத்தக்கூட இல்லை, திறந்தேன், அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டார்.

நீ கேட்டதற்குப் பதில். நடி. உன் கைக்கு நீயே பயப்படுகிறவரை நடி. பயம் விட்டுப்போன அன்றைக்குப் பெட்டியைக் கட்டு. உன் மணிக்கட்டு எப்போதும் எதிரில் நிற்கிற பெண்ணின் பிடியிலேயே இருக்க வேண்டும். அவளை மட்டும் நன்றாகக் கத்தச் சொல், முனியா. ஆவடியிலும் அம்பத்தூரிலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படம் பார்க்க எத்தனை பேர் வருகிறார்களோ, யார் கண்டது.

குழந்தையைப் பார்க்க வா. பின்பக்கத் தெரு வழியாக வா. முன்தெருவில் குழாயடிப் பெண்கள் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள், குடத்தாலேயே போடுவார்கள். அவளுக்கு விழக் கற்றுத்தருகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதே. அது அவளுக்குத் தேவைப்படக் கூடாது.

மற்றதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து கத்திக்கொண்டே இருக்கிறாள். இதை எழுதும்போதும் கத்துகிறாள், தெருக்கோடிவரை கேட்கும். "தட்டிக்குடு, ஊர் கூடிடும்" என்கிறார் ஜரினாவின் அம்மா. கூடட்டும் என்று விட்டிருக்கிறேன்.

நாகவல்லி